பென்ஷனும் சாய்வு நாற்காலியும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் எவராவது ஓய்வு பெற்றால், பிரிவு உபசாரத்துக்குப் பணம் வசூலித்துப் பரிசுப் பொருள் வாங்கி வரும் கைங்கரியம் பல வருஷங்களாக என் தலையில்தான் விழுகிறது. கடைவீதியில் பேரம் பேசுவதில் நான் சமர்த்தன் என்று சக ஆசிரியர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று நானும் இருந்துவிட்டேன். 2022-ஆம் வருஷம் எங்கள் தலைமையாசிரியர் அறுபது வயது நிரம்பி ஓய்வு பெற்றபோது, இரண்டு நாள் அலைந்து தேக்கு மரத்தினால் செய்த சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கி வந்தேன். அகலமான கைகள், காலை நீட்டிக்கொள்வதற்கு வசதியாகத் திருப்பி வைக்கும் சட்டங்கள், கெட்டியான கித்தான் துணி. பார்த்தவர்கள் எல்லாரும், "பேஷ்! மனிதர் முப்பத்தைந்து வருஷம் நின்றுகொண்டே பாடம் நடத்தியவர். இனியாவது சாய்ந்துகொள்ளட்டும்" என்றார்கள்.

அந்த நாற்காலியை நினைத்தால் இப்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாயிருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தலைமையாசிரியர் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒன்றரை மைல் தூரம். மழை நாள் தவிர மற்ற நாட்களில் அவர் நடந்துதான் வருவார், நடந்துதான் போவார். அல்ஜீப்ரா வகுப்பில் அவர் உட்கார்ந்து எவரும் பார்த்ததில்லை. மாடியில் கூச்சல் கேட்டால் ஆள் அனுப்பிக்கொண்டிருக்க மாட்டார். தாமே ஏறிப் போய்விடுவார். அவருடைய செருப்புச் சத்தம் படிக்கட்டில் கேட்டதுமே மூன்றாவது மாடி வரையில் நிசப்தம் நிலவும். இதையெல்லாம் தேகப் பயிற்சி என்று அவரும் நினைத்ததில்லை, நாங்களும் நினைத்ததில்லை. உத்தியோகம் என்றே நினைத்தோம்.

பென்ஷன் வந்தது. முதல் இரண்டு மாதம் க்ஷேத்திர யாத்திரையிலும் உறவினர் வீட்டுக் கல்யாணங்களிலும் கழிந்தது. அதற்குப் பிறகு வீட்டில் உள்ளவர்களின் அன்பு ஆரம்பமாயிற்று. காய்கறி வாங்கப் பையை எடுத்தால், "அப்பா, அதெல்லாம் செல்போனில் சொன்னால் வாசலுக்கே வந்துவிடுகிறது" என்பான் மகன். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால், "மாமா, நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள்?" என்று மருமகள் ஓடி வருவாள். மொட்டை மாடியில் உலர்ந்த துணிகளை எடுக்கப் போனால், விழுந்துவிடப் போகிறாரே என்று வீடு முழுவதும் பதறும். காப்பி நாற்காலிக்கு வரும். பத்திரிகையும் அங்கேயே வரும். சாயங்காலம் ஊர் வம்பும் நாற்காலியைத் தேடி வரும். இப்படிப்பட்ட பிள்ளையும் நாட்டுப்பெண்ணும் கிடைக்கப் பூர்வ ஜன்மத்தில் புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

இரண்டு வருஷம் சென்றது. 2024-ஆம் வருஷம் விஜயதசமியன்று அவருடைய பேரனுக்கு அட்சராப்பியாசம். என்னையும் அழைத்திருந்தார்கள். கூடத்தில் தாம்பாளம் வைத்து அதில் பச்சரிசியைப் பரப்பியிருந்தார்கள். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், தம்முடைய பேரனுக்கு முதல் எழுத்தைத் தம் கையாலேயே எழுதுவிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மணையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, பாதி தூரம் உட்கார்ந்து மீதி தூரம் விழுந்தார் என்று சொல்வதே பொருத்தம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சின்ன விரலைப் பிடித்து, அரிசியில் பெரிதாக ஓர் 'அ' எழுதினார். எல்லாருக்கும் மனம் குளிர்ந்தது.

கற்பூரம் ஏற்றினார்கள். எல்லாரும் எழுந்து நின்றோம். அவரும் எழுந்திருக்க முயன்றார். வலது கையை ஊன்றிப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு கைகளையும் ஊன்றினார். இடுப்பு ஒரு சாண் உயர்ந்தது. அத்துடன் முழங்கால் நடுங்கி மறுபடி கீழே சாய்ந்தார். கை பட்டுத் தாம்பாளம் நகர்ந்தது. எழுதிய 'அ' அழிந்து போயிற்று. "தாத்தாவுக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை!" என்று குழந்தை கைகொட்டிச் சிரித்தது. மகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கைகொடுத்துத் தூக்கினோம். சமையலறையில் அரிவாள்மணையில் உட்கார்ந்து வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவி, சத்தம் கேட்டு விசுக்கென்று எழுந்து ஓடி வந்தார். அவருக்கும் கணவருக்கும் இரண்டே வயதுதான் வித்தியாசம்.

"வயதாகிவிட்டதப்பா" என்றார் தலைமையாசிரியர், என் முகத்தைப் பார்க்காமல். மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தத்தைக் கேட்டு நடுங்கியவர்களில் நானும் ஒருவன். எனக்குத் தொண்டையை அடைத்தது.

வீடு திரும்பும்போது வழியெல்லாம் இதே யோசனைதான். அவருக்கு வயது அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு என்ன வயது? வெள்ளைக்கார சர்க்கார் காலத்தில் உத்தியோகஸ்தர்களை ஐம்பத்தைந்து வயதில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால், காந்திஜி பென்ஷன் வாங்க ஆரம்பித்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டிய சமயத்தில்தான் தண்டியை நோக்கிப் புறப்பட்டார். 1930-ஆம் வருஷம் மார்ச்சு 12-ஆம் தேதி சபர்மதியை விட்டுக் கிளம்பியபோது அவருக்கு வயது அறுபது. சுமார் 240 மைல் தூரத்தை இருபத்து நான்கு நாளில் கடந்தார். உடன் சென்ற வாலிபர்களில் சிலருக்குக் காலில் கொப்புளம் கண்டு மாட்டு வண்டியில் ஏற நேர்ந்தது. காந்திஜிக்காக ஒரு குதிரை தயாராகவே இருந்தும் அவர் அதில் ஏறவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குச் சுமார் 150 மைல் தொண்டர்களுடன் நடந்த ராஜாஜிக்கும் அப்போது ஐம்பத்தோரு வயது. அவருடையது திடகாத்திரமான சரீரம் என்று யாரும் சொல்ல முடியாது. 1947-இன் துவக்கத்தில் நவகாளியில் கிராமம் கிராமமாகக் காந்திஜி வெறுங்காலுடன் நடந்தபோது அவருக்கு எழுபத்தேழு.

"அவர்கள் மகான்கள், ஐயா! நம்மால் ஆகுமா?" என்று நேயர்கள் கேட்கலாம். மகாத்மாவின் ஆத்ம சக்தி வேறு விஷயம். ஆனால் அவருடைய கால்கள் நம்முடைய கால்களைப் போன்றவைதாம். லண்டனில் மாணாக்கராயிருந்தபோது தினம் எட்டுப் பத்து மைல் நடந்ததாக அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தப் பழக்கத்தை அவர் கடைசி வரையில் விடவில்லை. தண்டி யாத்திரை 1930-இல் திடீரென்று முளைத்ததன்று; அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே கால்கள் தயாராகிக்கொண்டிருந்தன.

எங்கள் தலைமையாசிரியருக்கு நேர்ந்ததற்கு வயது முக்கிய காரணம் அல்ல என்று எனக்குத் தோன்றியது. தோன்றினால் போதுமா? படித்துப் பார்த்தேன்.

அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் 1966-ஆம் வருஷம் ஒரு பரிசோதனை நடந்தது. இருபது வயதுள்ள ஆரோக்கியமான வாலிபர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். பிறகு, உழைக்கும்போது அவர்களுடைய இருதயமும் சுவாசமும் எவ்வளவு பிராணவாயுவைத் தேகத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன என்று அளந்தார்கள். கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. வேடிக்கை இதோடு முடியவில்லை. முப்பது வருஷம் கழித்து 1996-இல் அதே ஐவரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்து பார்த்தார்கள். ஐம்பது வயதாகி, தொந்தியும் விழுந்திருந்த அந்த ஐவரில் ஒருவர்கூட, அன்று மூன்று வாரப் படுக்கைக்குப் பின் இருந்த நிலையைவிட மோசமாயில்லை! முப்பது வருஷத்து முதுமை செய்யாத கெடுதலை இருபத்தொரு நாள் படுக்கை செய்திருக்கிறது. அதோடு, ஆறு மாதம் படிப்படியாக நடையும் மெதுவோட்டமும் சைக்கிள் மிதித்தலும் பயின்றபோது, முப்பது வருஷத்தில் இழந்ததை அவர்கள் மீட்டுக்கொண்டார்கள்.

வயோதிகர்களின் கதை இன்னும் கடுமை. 2007-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், அறுபது வயதைக் கடந்த ஆரோக்கியமான சிலரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால் தசையில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கரைந்துவிட்டது. ஜுரம் என்று பத்து நாள் படுத்து எழுந்த தாத்தா, ஜுரம் விட்ட பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதன் ரகசியம் இதுதான். மருந்து ஜுரத்தைப் போக்கும்; கரைந்த தசையை உழைப்புத்தான் திருப்பித் தர வேண்டும்.

இந்த விஷயத்துக்கு ஆதி நூல் என்று சொல்லத்தக்கது 1953-இல் லண்டனில் வெளியாயிற்று. ஜெரி மோரிஸ் என்ற டாக்டர், அந்நகரத்து மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்தார். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏறி இறங்குபவர். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆயினும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு, டிரைவர்களைவிடப் பாதியளவில்தான் இருந்தது. டாக்டர் மோரிஸ் தம் உபதேசத்தைத் தாமே கடைப்பிடித்து, 2009-ஆம் வருஷம் தொண்ணூற்றொன்பதாவது வயதில் காலமானார். எங்கள் தலைமையாசிரியர் முப்பத்தைந்து வருஷம் கண்டக்டராக இருந்தவர். நான் வாங்கிக் கொடுத்த தேக்கு நாற்காலி அவரை ஒரே நாளில் டிரைவராக்கிவிட்டது.

மறு வாரமே அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் சாய்ந்திருந்தார். மணிக்கட்டில் நாம் நடக்கும் அடிகளை எண்ணிச் சொல்லும் கடிகாரம் ஒன்று இருந்தது. மகன் வாங்கித் தந்ததாம்.

"தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமாமே, அப்பா! மூவாயிரத்துக்கு மேல் என்னால் ஆகவில்லை. ஆகாத காரியத்தில் இறங்குவானேன் என்று விட்டுவிட்டேன்" என்றார்.

பத்தாயிரம் என்ற எண் எந்த வைத்திய சாஸ்திரத்திலிருந்தும் வந்ததல்ல. 1965-ஆம் வருஷம் ஜப்பானில் ஒரு கம்பெனி, நடையை எண்ணும் கருவியைச் சந்தைக்குக் கொண்டு வந்தபோது, 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டிற்று. விளம்பரம் வேதவாக்காகிவிட்டது. 2019-இல் அமெரிக்காவில் சராசரி எழுபத்திரண்டு வயதுள்ள பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்திரீகளைக் கவனித்து எழுதிய ஆராய்ச்சியில், தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் நடந்ததனால் அதிகப்படி லாபம் எதுவும் தெரியவில்லை. கணக்கு வாத்தியாருக்குக் கணக்கில் சமாதானம் சொன்னால் போதும். "அப்படியானால் இன்னும் ஆயிரத்து நானூறுதானே வேண்டும்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆனால் நடை மட்டும் போதாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பென்ஷன்தாரர்கள் பலர் கடற்கரையிலும் பூங்காவிலும் உலாவத்தான் செய்கிறார்கள். நான்கு அடி நடப்பது, நின்று அரசியல் பேசுவது, மறுபடி நான்கு அடி. அது நடைக்குள் சேருமா என்பதே சந்தேகம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது என்பது வைத்தியர்கள் சொல்லும் எளிய அளவுகோல். சரியாகவே நடந்தாலும், தரையிலிருந்து எழுந்திருக்கும் வலிமையை நடை தந்துவிடாது. துடை, இடுப்பு இவற்றின் தசைகளுக்குப் பாரம் சுமக்கும் வேலை வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட யோசனைகளில், வாரத்துக்கு நூற்றைம்பது நிமிஷமாவது மூச்சு வாங்கும் நடை போன்ற உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்றதுடன், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. முதலாவதை எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டும் காதில் விழவில்லை.

தரையிலிருந்து எழுவது அவ்வளவு பெரிய காரியமா? பிரேஸில் தேசத்து வைத்தியர்கள் அதையே ஒரு பரீட்சையாக வைத்திருக்கிறார்கள். தரையில் உட்காருவதற்கு ஐந்து மதிப்பெண், எழுவதற்கு ஐந்து. கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று குறையும். தள்ளாடினால் அரை குறையும். 2012-இல் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சியில், ஐம்பத்தொன்று முதல் எண்பது வயது வரையுள்ள இரண்டாயிரத்து இரண்டு பேரைச் சோதித்து, ஆறு வருஷத்துக்கு மேல் கவனித்து வந்தார்கள். மூன்றும் அதற்குக் கீழும் வாங்கியவர்களிடையே மரண விகிதம், எட்டுக்கு மேல் வாங்கியவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம். எழுந்து உட்கார்ந்தால் ஆயுசு கூடிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. தசையின் வலு, மூட்டின் இளக்கம், நிதானம் எல்லாம் சேர்ந்து தேகம் எப்படி இருக்கிறதென்று ஒரு நிமிஷத்தில் காட்டிக்கொடுக்கும் கண்ணாடி அது. கதவைச் சாத்திக்கொண்டு நானும் பரீட்சை எழுதினேன். நாற்பத்தாறு வயதில் ஏழரை வாங்கினேன். எத்தனையோ பையன்களுக்கு அரை மதிப்பெண் கூட்டிப் போட்டிருக்கிறேன். எனக்கு நானே கூட்டிக்கொள்ள மனம் வரவில்லை. மூட்டு வலியுள்ளவர்கள் இதைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

நம்முடைய தாத்தாக்களுக்கு இந்தப் பரீட்சை தேவைப்படவில்லை. பாயில் படுத்தார்கள், பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், திண்ணையில் ஏறி இறங்கினார்கள். நாளில் இருபது முப்பது தடவை எழுந்து உட்கார்ந்தார்கள். நாம் கட்டில் வாங்கினோம், மேஜை வாங்கினோம், கழிப்பறையிலும் நாற்காலியைப் போட்டுவிட்டோம். முட்டி தேய்ந்தவர்களுக்கு அது பெரிய உபகாரம். அதைக் குறை சொல்லவில்லை. தேயாத முட்டிகளும் அதிலேயே பழகிவிடுகின்றன என்பதுதான் சங்கடம்.

இழந்த பலம் திரும்புமா என்று தலைமையாசிரியர் கேட்டார். பாஸ்டன் நகரத்து விடுதி ஒன்றில் நடந்த ஆராய்ச்சியைச் சொன்னேன். 1990-இல் வெளியானது. தொண்ணூறு வயதை ஒட்டிய, நலிந்து போன பத்துப் பேர். வாரத்துக்கு மூன்று நாளாக எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கடைசி வரை செய்தவர்களின் கால் பலம் சராசரியில் இரண்டரை மடங்குக்கும் மேலாயிற்று. இரண்டு பேர் கைத்தடியை ஒதுக்கி வைத்தார்கள். பயிற்சியை நிறுத்தியதும் பலம் மறுபடி குறையத் தொடங்கிற்று என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"எடைக்கு எங்கே போவது? உடற்பயிற்சிக் கூடத்தில் போய் இந்த வயதில் வாலிபர்களோடு நிற்கச் சொல்கிறாயா?" என்றார்.

"எடை தங்களிடமே இருக்கிறதே, ஸார்! எழுபது கிலோ தேகம் இருக்கிறது. எங்களுக்கெல்லாம் தாங்கள் கொடுத்த மருந்தைத் தாங்களே சாப்பிட வேண்டியதுதான்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தோப்புக்கரணம்! நான் அவரிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்த காலத்தில், கணக்குப் போடாதவனுக்கு இருபத்தைந்து. 2009-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் அந்தத் தண்டனைக்கு இடமில்லை, அது நியாயமும்தான். ஆனால் பிள்ளையார் சந்நிதியில் அதை யாரும் தடுக்கவில்லை.

அவசரப்படாமல் முதலில் டாக்டரிடம் போனோம். இருதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தார். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் கால் மணி நேரம் நடந்தால் சர்க்கரைக்கு நல்லது என்றும், மார்பில் வலியோ இறுக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ, தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். பலத்துக்கான பயிற்சியின்போது மூச்சை அடக்கக் கூடாது என்பதை இரண்டு தரம் வற்புறுத்தினார்.

ஆரம்பத்தில் முழுத் தோப்புக்கரணம் முடியவில்லை. ஆகவே, சாப்பாட்டு மேஜையிலிருந்த நேரான மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டோம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு அதிலிருந்து எழுவது, மெதுவாக உட்காருவது. முதல் நாள் நான்கு தடவை செய்ததும் துடை நடுங்கியது. ஒரு மாதத்தில் பன்னிரண்டு தடவையாக இரண்டு சுற்றாயிற்று. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைத் தோப்புக்கரணம். பல் துலக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. இவ்வளவுதான். சாப்பாட்டில் பருப்பும் தயிரும் வேகவைத்த கடலையும் சற்று அதிகமாயின. தசை காற்றிலிருந்து வளர்ந்துவிடாது.

உண்மையில் கஷ்டமாயிருந்தது இதெல்லாம் அல்ல. மகனையும் மருமகளையும் சம்மதிக்கச் செய்ததுதான். "மாமாவைக் கடைக்கு அனுப்பினால் ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று அந்தப் பெண் கண் கலங்கினாள். அவள் கேட்டதில் தவறில்லை. மாமனாரை வேலை வாங்குகிறாள் என்ற பழி மருமகளுக்குத்தான் வரும், மகனுக்கு வராது. நம் சமூகத்தில் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையே, அவர்களை அசையாமல் உட்கார்த்தி வைப்பது என்றாகிவிட்டது. விக்கிரகத்துக்கு அது பொருந்தும். விக்கிரகத்துக்குத் துடைத் தசை கரைவதில்லை. கடைசியில் தலைமையாசிரியரே கடைக்குப் புறப்படும்போது, "என்னுடைய பையை எடுத்து வா, அம்மா. நான் போகிறேன்" என்று வாசலில் நின்று நாலு பேர் காதில் விழும்படி சொல்வதென்று ஏற்பாடாயிற்று. வீட்டாரின் பயத்துக்கும் பதில் சொன்னோம். கழிப்பறைக்குப் போகும் வழியில் இராத்திரி முழுதும் சிறு விளக்கு. வழுக்கும் மிதியடி நீக்கப்பட்டது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் படுக்கையிலிருந்து திடீரென்று எழக் கூடாது என்பதும் எல்லாருக்கும் பாடமாயிற்று.

இங்கே அவருடைய மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த அம்மாளுக்குப் பிரிவு உபசாரம் நடத்த எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை, பென்ஷனும் இல்லை. அரிவாள்மணையிலிருந்து விசுக்கென்று எழுந்தாரே, அது நாற்பது வருஷம் ஓயாமல் செய்த வேலையின் பலன். ஆனால் அடுப்பங்கரை வேலையே ஸ்திரீகளுக்குப் போதிய பயிற்சி என்று ஆண்கள் தீர்மானித்துவிடுவது சௌகரியமான தப்பபிப்பிராயம். குனிந்து செய்யும் வேலை முதுகை நோகச் செய்யும். மூச்சு வாங்கும் நடைக்கு அது ஈடாகாது. மாதவிடாய் நின்ற பிறகு ஸ்திரீகளுக்கு எலும்பின் பலம் வேகமாகக் குறைவதால், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் அபாயமும் அவர்களுக்கே அதிகம். ஆகவே சாயங்கால நடைக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டும், அந்த நேரத்துக்கு டிபன் வேலையை வேறு யாராவது பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். தலைமையாசிரியர் மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தான். இப்போது மகன்தான் தோசை வார்க்கிறானாம்; சுமாராக வருகிறதென்று கேள்வி.

இருந்தாலும் காரணமில்லாத நடை நெடுநாள் நடக்காது. மூன்று மாதத்தில் சலிப்புத் தட்டிற்று. பனி, தலைவலி, கிரிக்கெட் என்று சாக்குகள் வந்தன. அப்போதுதான் அவருக்கே ஒரு யோசனை உதித்தது. அவர் வீட்டிலிருந்து முக்கால் மைலில் கட்டட வேலைக்காரர்கள் குடியிருக்கும் பகுதி இருக்கிறது. அங்கே சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தார். போக முக்கால் மைல், வர முக்கால் மைல். நடுவே ஒரு மணி நேரம் நிற்பது. அங்கே நாற்காலி கிடையாது என்பது அதிகப்படி லாபம். பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்ற எண்ணம், கைக்கடிகாரம் சொல்லும் எந்தக் கணக்கைவிடவும் அவரைப் பலமாக இழுத்தது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கிலேயே நம் தேசத்தில் அறுபது நிரம்பியவர்கள் பத்துக் கோடிக்கு மேல். அவர்களில் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை தாதிகள், எத்தனை எஞ்சினீயர்கள் வேலைப்பாடமைந்த நாற்காலிகளில் சாய்ந்துகிடக்கிறார்களோ! அவர்களுடைய கால்கள் போய்விட்டால், தலையில் உள்ள படிப்பும் அந்த நாற்காலியை விட்டு வெளியே வராது.

2025-இல் விஜயதசமி அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்றே வந்தது. தலைமையாசிரியர் வீட்டுக் கூடத்தில் அந்தப் பகுதிக் குழந்தைகள் பதினோரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் தனியாக அரிசியில் எழுத்து. தாம்பாளத்தை நகர்த்தி நகர்த்தி வைப்பது என் வேலை. அவர் ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்காருவார்; எழுதுவிப்பார்; வலது கையை முழங்காலில் ஊன்றி எழுந்து அடுத்த குழந்தையிடம் போவார். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோரு தடவை உட்கார்ந்தார். பதினோரு தடவை எழுந்தார். ஏழாவது குழந்தையிடம் சற்றே தள்ளாடினார். நான் கையை நீட்டினேன். "உட்காரப்பா, உன் வேலையைப் பார்" என்று ஒன்பதாம் வகுப்புக் குரலில் ஓர் அதட்டல் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

சாய்வு நாற்காலியைப் பற்றி விசாரித்தேன். கித்தானைக் கழற்றி அந்த அம்மாள் மாடியில் வடகம் காயப்போடுகிறாராம். வருகிற ஏப்ரலில் எங்கள் டிரில் மாஸ்டர் ஓய்வு பெறுகிறார். பணம் வசூலாகிவிட்டது. என்ன வாங்குவது என்று அவரையே கேட்டேன். நல்ல ஒரு மண்வெட்டியும் நாலு தென்னங்கன்றும் போதும் என்கிறார்.